ஏழின் இடுப்பில் ஒரு கோடு

பெஞ்சலய்யாவின் வண்டி வந்து நின்றபோது
ஆரம்பாக்கத்துச் சாலையில் தார் கசிந்துகொண்டிருந்தது.
ஆந்திரப் பதிவெண். பின்கதவில் ஒரு இறால் படம்,
அதன் மீசையை மட்டும் யாரோ புதிதாகத் தீட்டியிருந்தார்கள்.
கதவைத் திறந்தார்.
பெட்டிகளெல்லாம் காலி.
வாசனை மட்டும் இறங்காமல் இருந்தது.

"நின்ன ராத்திரி" என்று தொடங்கி
பாதித் தெலுங்கில், பாதி என் மொழியில் சொன்னார்.
மரக்காணத்தில் ஏற்றிய சரக்கு.
நாயுடுபேட்டை தாண்டியதும் ஏசி சூடாக ஊதியதாம்.
பாலித்தீன் பைகளில் ஆக்சிஜன் அடைத்த
ஒன்றரை லட்சம் குஞ்சுகள்,
ஒவ்வொன்றும் இமைமயிர் கனம்,
குளத்துக்குப் போகுமுன்னே வெளுத்து
பையடியில் படிந்துவிட்டன.
நடுராத்திரியில் ஐஸ் தேடி
மூடிய கடைகளைத் தட்டியதைச் சொல்கையில்
ஒரு கையை மறு கையால் பிசைந்தார்.

நீலக் குழாய், சிவப்புக் குழாய் மாட்டினேன்.
இரண்டு முள்ளும் படுத்தே கிடந்தன.
கேஸ் தனியாகப் போவதில்லை.
ஊரை விட்டு ஓடுகிற கடன்காரன்
ஜாமீன் போட்டவனையும் இழுத்துப் போவதுபோல
எண்ணெயையும் கூட்டிக்கொண்டுதான் போகும்.
கம்ப்ரசரைக் கையால் சுற்றிப் பார்த்தேன்.
கடிக்கவில்லை. அந்தமட்டில் பிழைத்தது.

பானட்டின் மேல் தார்ப்பாய் இழுத்து
அதற்குள் தலையை விட்டு
ஊதா டார்ச்சை அடித்தேன்.
கண்டென்சர் மூட்டில்
பச்சை பூத்திருந்தது.

அதற்கு ஒரு சாண் தள்ளி, டிரையர் புட்டியின் மேல்
வெள்ளை மார்க்கரில் ஒரு தேதி: 17-2.
ஏழுக்கு இடுப்பில் கோடு.
தடா முதல் கும்மிடிப்பூண்டி வரை
ஏழுக்கு அப்படிக் கோடு போடுகிற மெக்கானிக்
நான் ஒருவன்தான்.

அப்போது வண்டி வேறொருவருடையது.
அன்று சாயங்காலம்
இருந்த புட்டியில் எண்ணெய் தீர்ந்திருந்தது.
புதியதைத் திறந்தால்
பழவேற்காட்டுக் காற்றிலுள்ள ஈரத்தையெல்லாம்
குடித்துவிடும் எண்ணெய் அது.
ஓ-ரிங்கில் விரலால் தடவ
வேண்டியது ஒரு சொட்டு.
ஒரு சொட்டுக்கு எழுநூறு ரூபாய்ப் புட்டியை உடைப்பானேன் என்று
உலர்ந்தபடியே வைத்து முறுக்கினேன்.
ரப்பர் உள்ளே புரண்டிருக்கும்.
பதினைந்து மாதம் மூச்சு விட்டிருக்கிறது,
யாருக்கும் கேட்காமல்.

தார்ப்பாய்க்குள் நல்ல புழுக்கம்.
வெளியே வரத் தோன்றவில்லை.
"ஏமயிந்தி?" என்றார் பெஞ்சலய்யா.
"ரிங்கு" என்றேன்.

புதுப் புட்டியை உடைத்தேன்.
ரிங்கை முக்கி எடுத்தேன், சொட்டச் சொட்ட.
வடித்ததில் வந்தது நாற்பது மில்லி.
நூற்றிருபது அளந்து ஊற்றினேன்.
வேக்குவம் பம்ப் ஓடத் தொடங்கியது.
நீல முள் பூஜ்யத்துக்குக் கீழே போய்
முப்பதில் நின்றது.
இனி முக்கால் மணி நேரம்
யாருக்கும் வேலை இல்லை.

இஸ்மாயில் டீ வாங்கி வந்தான்.
முள்ளைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்:
"எண்ணெய் தொடாமல் போட்ட ரிங்கு.
போட்டது நான்."

இஸ்மாயில் பில் புத்தகத்தை மூடினான்.
பெஞ்சலய்யா டீயைக் குடித்தார், கடைசி வரை.
கத்துவார் என்று காத்திருந்தேன்.
கத்தியிருந்தால்
எதையாவது எதிர்த்துச் சொல்லியிருப்பேன்.
கிளாஸைக் கீழே வைத்துவிட்டு
"ஈசாரி நூனெ பெட்டாவா?" என்றார்.

விரலைக் காட்டினேன்.
பளபளத்தது.

முள் அசையவில்லை.
தராசில் சிலிண்டரை வைத்து
நானூற்று எண்பது கிராம் விட்டேன்.
கேஸுக்கு மட்டும் பணம் கொடுத்தார், எண்ணாமல்.
வாங்கிக்கொண்டேன், எண்ணாமல்.
குஞ்சுகளின் விலையை அவர் சொல்லவில்லை,
நானும் கேட்கவில்லை.

தெர்மாமீட்டரோடு
பின்பக்கம் ஏறினேன்.
பத்து. எட்டு. ஆறு.
காலிப் பெட்டிகளுக்கு நடுவே
விசிறி முழு வேகத்தில்
அந்த வாசனையை அள்ளி
என் முகத்தில் போட்டது,
நன்றாகக் குளிரவைத்து.